வளைந்த குழாயை அளந்து கேட் அசெம்ப்ளியில் அமர்த்துதல்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வரைபடம் தொலைந்துபோன ஒரு பழைய ஹைட்ராலிக் பிரஸ்ஸின் எண்ணெய்க் குழாய்களை அளந்து, கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளில் மீண்டும் உருவாக்கி, புதிதாக வளைத்துப் பொருத்தும் வேலையை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. வாகனங்களின் புகைக் குழாய்க்கும் குழாய்ச் சட்டகங்களுக்கும் இதில் உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும். அளப்பதற்கு லேசர் ஸ்கேனரைப் பயன்படுத்தினாலும் முனையால் தொட்டு அளக்கும் அளவீட்டுக் கரத்தைப் பயன்படுத்தினாலும், வரும் பிழைகள் ஏறத்தாழ ஒன்றே.

அறிகுறிகளுக்குள் செல்லும் முன் ஒரு கணக்கைச் செய்து பார்த்துவிடுவது நல்லது. பின்னால் வரும் திருத்தங்கள் பலவும் இதையே நம்பி நிற்கின்றன. மெஷினில் வளைத்த குழாயின் மையக்கோட்டில் நேர்கோடும் வட்டவில்லும் மாறிமாறி வரும், வேறொன்றும் வராது. நேர்கோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் இடங்களை வெட்டுப்புள்ளிகள் என்போம். வெளிவிட்டம் 28 மி.மீ., வளைவு ஆரம் 84 மி.மீ. உள்ள ஒரு குழாய் (0, 0, 0)-இல் தொடங்கி, (300, 0, 0), (300, 250, 0) ஆகிய இரு வெட்டுப்புள்ளிகளில் திரும்பி, (300, 250, 400)-இல் முடிகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு வளைவும் 90 பாகை. வெட்டுப்புள்ளியிலிருந்து வில் தொடங்கும் இடம் வரையிலான தொடுநீளம், ஆரத்தை வளைவுக் கோணத்தில் பாதியின் டேன் மதிப்பால் பெருக்கிக் கிடைப்பது. இங்கே அது 84 மி.மீ. ஆகவே நேர்ப்பகுதிகள் 216, 82, 316 மி.மீ.; இரு வில்களும் தலா 131.9 மி.மீ.; இரண்டு வளைவுகளுக்கும் இடையே சுழற்சி, அதாவது ஒன்றின் தளத்திலிருந்து மற்றதன் தளம் திரும்பியிருக்கும் கோணம், 90 பாகை; மொத்த நீளம் ஏறக்குறைய 878 மி.மீ. பெண்டிங் மெஷின் கேட்கும் நீளம், சுழற்சி, கோணம் என்ற மூன்றும் இதிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. இவற்றின் பட்டியலே வளைவு அட்டவணை.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டுப்புள்ளிகளின் இடத்தை நேர்ப்பகுதிகள்தாம் முடிவு செய்கின்றன. ஆரத்துக்கு அதில் பங்கே இல்லை. ஆகவே எந்தக் குழாயிலும் முதலில் நேர்ப்பகுதிகளைச் சரியாக எடுங்கள். வளைவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் மேசைக்கு வந்த தவறான மாதிரிகளில் பெரும்பாலானவை, இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால் கெட்டவை.

அறிகுறி: மாதிரி பார்வைக்குக் குழாயைப் போலவே இருக்கிறது, ஆனால் வளைவு அட்டவணை வரவில்லை

ஸ்கேன் செய்த மெஷ்ஷின் (சிறு முக்கோணங்களால் ஆன மேற்பரப்பின்) நடுவே ஸ்ப்லைன் என்னும் நெளிகோட்டை ஓட்டி, அதன்மேல் வட்டத்தை ஸ்வீப் செய்திருப்பார்கள், அதாவது கோட்டின் வழியே இழுத்துக் குழாயாக்கியிருப்பார்கள். திரையில் அது மெஷ்ஷோடு முடியளவும் பிசகாமல் ஒட்டி நிற்கும். அந்த ஒட்டுதலே ஏமாற்றுகிறது. ஸ்ப்லைனில் வளைவின் அளவு இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே போகும் என்பதால், எங்கே நேர்ப்பகுதி முடிகிறது, எங்கே வில் தொடங்குகிறது என்பதை மென்பொருளாலும் சொல்ல முடியாது, மெஷின் இயக்குபவராலும் சொல்ல முடியாது. அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு நேர்ப்பகுதியிலும் உள்ள புள்ளித்திரளை மட்டும் தேர்ந்து உருளையைப் பொருத்தி, அதன் அச்சை எடுத்து, அடுத்தடுத்த அச்சுகளின் வெட்டுப்புள்ளிகளை முப்பரிமாண ஸ்கெட்ச்சில் நேர்கோடுகளால் இணைத்து, மூலைகளில் ஃபில்லெட்டாக (மூலையை வட்டமாக்கும் வில்லாக) ஆரத்தைக் கொடுங்கள். வேறொருவர் அனுப்பிய ஸ்டெப் கோப்பில் (கேட் மென்பொருள்களுக்கிடையே மாதிரியைப் பரிமாறும் கோப்பில்) வெறும் திடப்பொருள் மட்டும் இருந்தாலும் இதே வழிதான். அதில் உருளை முகங்கள் ஏற்கெனவே சுத்தமாக இருப்பதால் வேலை எளிது.

அறிகுறி: அடுத்தடுத்த இரண்டு அச்சுகள் ஒன்றையொன்று வெட்டவில்லை

முப்பரிமாணத்தில் அளந்து எடுத்த இரண்டு கோடுகள் துல்லியமாகச் சந்திப்பதே இல்லை. ஒன்று மற்றொன்றின் மேலோ கீழோ நழுவிப் போகும். அவற்றுக்கு இடையிலான மிகக் குறுகிய தொலைவைக் கட்டாயம் அளந்து பாருங்கள். 0.1 அல்லது 0.2 மி.மீ. என்றால் அந்தக் குறுகிய கோட்டின் நடுப்புள்ளியையே வெட்டுப்புள்ளியாக ஏற்கலாம். 0.5 மி.மீ.-ஐத் தாண்டினால் நடுப்புள்ளி எடுத்துச் சமாளிக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் உருளைக்காகத் தேர்ந்த பகுதிக்குள் வளைவின் ஓரம் சேர்ந்திருக்கும். வளைவில் குழாயின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது, சற்றே நசுங்கி நீள்வட்டமாகியிருக்கும். அந்த நசுங்கல் நேர்ப்பகுதியின் தொடக்கத்திலும் கொஞ்ச தூரம் தொடரும். ஆகவே இரு ஓரங்களிலும் தாராளமாக விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும்.

குட்டையான நேர்ப்பகுதியில் அப்படி விட்டுக்கொடுக்க இடம் இருக்காது. மேலே கண்ட கணக்கின் 82 மி.மீ. பகுதியில் 60 மி.மீ. எஞ்சினால் கவலை இல்லை. வெறும் 20 மி.மீ. மட்டுமே எஞ்சும் இடத்தில் அச்சின் ஒரு முனை 0.1 மி.மீ. விலகினாலும், 400 மி.மீ. தள்ளி அந்த விலகல் 2 மி.மீ. ஆகிவிடும். இத்தகைய பகுதியின் திசையை நம்பாமல், அதன் இருபுறமும் உள்ள நீண்ட பகுதிகளின் அச்சுகளை நிலையாக வைத்துக்கொண்டு, குட்டைப் பகுதியின் அச்சை அவ்விரண்டையும் தொட்டுச் செல்லும்படி பொருத்த வேண்டும்.

அறிகுறி: ஒரே குழாயில் ஒவ்வொரு வளைவும் வெவ்வேறு ஆரம் காட்டுகிறது

முதல் வளைவு 85.8, அடுத்தது 86.1, மூன்றாவது 61, நான்காவது 118 என்று வந்தால் ஸ்கேனரைக் குறை சொல்லத் தோன்றும். முதலில் ஒவ்வொரு வளைவின் கோணத்தையும் பாருங்கள். 61-உம் 118-உம் காட்டும் வளைவுகள் அநேகமாக 10, 15 பாகை வளைவுகளாக இருக்கும். 84 மி.மீ. ஆரத்தில் 10 பாகை வளைந்த வில், தன் நாணிலிருந்து வெறும் 0.32 மி.மீ. மட்டுமே விலகி நிற்கிறது. பெயின்ட் மேடும் ஸ்கேனின் இரைச்சலுமே 0.1 மி.மீ. வரும்போது, அந்த 0.32-ஐ வைத்துக் கணிக்கும் ஆரம் எப்படி வேண்டுமானாலும் அலையும். சிறு கோண வளைவுகளிலிருந்து ஆரத்தை எடுக்கவே கூடாது.

பெரிய கோண வளைவுகள் ஒத்துப்போய் 86 என்று சொல்கின்றனவே, அப்படியானால் டையின் (குழாய் எதன்மேல் சுற்றி வளைகிறதோ அந்த வட்டின்) ஆரம் 86-ஆ என்ற கேள்வி அடுத்து வரும். வளைத்துவிட்டுப் பிடியைத் தளர்த்தியதும் குழாய் கொஞ்சம் பின்வாங்கும். பட்டறைகளில் இதை ஸ்பிரிங்பேக் என்றே சொல்கிறோம். 90 பாகை வேண்டுமென்றால் மெஷினில் 92 பாகை வரை வளைக்க வேண்டியிருக்கும். வில்லின் நீளம் மாறாமல் கோணம் மட்டும் 92-இலிருந்து 90-க்குக் குறைவதால், ஆரம் அதே விகிதத்தில் கூடி 84 என்பது 85.9 ஆகிறது. ஆகவே அளந்து கிடைத்த 86-க்குப் பின்னால் இருப்பது 28 மி.மீ. குழாய்க்குரிய 84 மி.மீ. டை, அதாவது விட்டத்தைப் போல மூன்று மடங்கு. டைகள் பெரும்பாலும் விட்டத்தின் ஒன்றரை, இரண்டு, மூன்று மடங்கு என்ற கணக்கில் வருவதால், சராசரிக்குச் சற்றே கீழே அத்தகைய ஓர் எண் இருக்கிறதா என்று தேடுவது என் வழக்கம். ஒரே குழாயை இரண்டு டையில் வளைப்பதும் உண்டு. ஆனால் அது செலவு பிடித்த வேலை என்பதால் அரிது.

எந்த ஆரத்தை மாதிரியில் இடுவது? வளைவு அட்டவணைக்கு 84 போதும்; வெட்டுப்புள்ளிகள் நகராத வரை குழாயின் இரு முனைகளும் அதே இடத்தில்தான் இருக்கும். வெட்டும் நீளத்தில் 90 பாகை வளைவு ஒன்றுக்குச் சுமார் 0.8 மி.மீ. வேறுபடும், அவ்வளவே. ஆனால் வளைவின் நடுப்பகுதி, உண்மையான குழாயில் ஏறத்தாழ 0.8 மி.மீ. உட்புறமாக நகர்ந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. வளைவின் உட்புறத்தில் போல்ட் தலையோ வேறொரு குழாயோ நெருங்கி இருந்தால் அந்த வளைவுக்கு மட்டும் 86-ஐ இட்டு இடைவெளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். கோணத்தைப் பொறுத்தவரை குழப்பமே வேண்டாம்: மாதிரியில் இருக்க வேண்டியது தளர்ந்த பின் உள்ள 90 பாகை. அந்த 92 மெஷினுக்குச் சொந்தமானது. அதை வரைபடத்தில் ஏற்றினால் மெஷின் இயக்குபவர் அதன்மேல் இன்னொரு 2 பாகையைக் கூட்டிவிடுவார்.

அறிகுறி: அளந்த வெளிவிட்டம் எந்தப் பட்டியலிலும் இல்லை

25.3 மி.மீ. என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் முனையை இணைக்கும் மெட்ரிக் ஹைட்ராலிக் ஃபிட்டிங்குகளின் கனரக வரிசையில் 25 மி.மீ. உண்டு, அங்குல வரிசையில் 25.4 மி.மீ. உண்டு. பவுடர் பூச்சு ஒரு பக்கத்தில் 60 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதால் விட்டத்தில் 0.12 முதல் 0.2 மி.மீ. கூடும், பூச்சு இரண்டு அடுக்கானால் 25 மி.மீ. குழாயே 25.3 காட்டிவிடும். திரையைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. பூச்சைச் சிறிது சுரண்டி மைக்ரோமீட்டர் வைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து பாருங்கள். ஃபிட்டிங்கின் நட்டில் பொறித்திருக்கும் எண்ணையும் படியுங்கள். நட்டில் உள்ள எழுத்து பல நேரங்களில் ஸ்கேனரைவிட நம்பகமான சாட்சி. பைப் வகையாக இருந்தால் பெயரும் அளவும் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள்: ஒரு அங்குல பைப்பின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., ஒன்றரை அங்குலத்துக்கு 48.3 மி.மீ.

அறிகுறி: சுவரின் தடிமன் தெரியவில்லை

முனையில் வெர்னியரை வைத்து அளந்தால் பிசிறும், உட்புறம் சாய்த்து வெட்டிய விளிம்பும் ஏமாற்றும். அல்ட்ராசோனிக் தடிமன்மானி இருந்தால் நேர்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்புறம் மெலிந்தும் உட்புறம் தடித்தும் இருக்குமாதலால் அங்கே வைக்கக் கூடாது. அந்தக் கருவி இல்லாவிட்டால் தராசு போதும். 28 மி.மீ. எஃகுக் குழாய், 2.5 மி.மீ. சுவரானால் மீட்டருக்கு 1.57 கிலோ, 3 மி.மீ. சுவரானால் 1.85 கிலோ, 4 மி.மீ. சுவரானால் 2.37 கிலோ எடையுள்ளது. நம்முடைய 878 மி.மீ. குழாயைத் துடைத்து, நட்டுகளைக் கழற்றி எடைபோட்டால் 1.62 கிலோ வருமானால் சுவர் 3 மி.மீ.; விவாதமே வேண்டாம். இதே எடை இன்னொரு உதவியும் செய்யும்: சுவர் உறுதியாகத் தெரிந்த குழாயில் எடை ஒத்துவராவிட்டால், மாதிரியின் மொத்த நீளத்தில் எங்கோ பிழை இருக்கிறது.

அறிகுறி: குழாயில் கண்ணால் காணும் வளைவுகளைவிட மென்பொருள் காட்டும் வளைவுகள் அதிகம்

அட்டவணையில் 0.4 பாகை வளைவு ஒன்றும், அதற்கு 137 பாகை சுழற்சியும் வந்து நிற்கும். நீண்ட நேர்ப்பகுதியில் இயல்பாக உள்ள மெல்லிய வில்லை மென்பொருள் வளைவாக எண்ணிவிட்டது. ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் உள்ள மூன்று புள்ளிகளுக்குத் தளம் என்று உறுதியாக ஒன்று கிடையாது என்பதால் அந்தச் சுழற்சிக்குப் பொருளே இல்லை. அது போதாதென்று அடுத்த வளைவின் சுழற்சியையும் அது சேர்த்துக் கெடுக்கும். அந்த வெட்டுப்புள்ளியை நீக்கி, இரண்டு துண்டுகளையும் ஒரே உருளையாகப் பொருத்துங்கள். ஆனால் 2, 3 பாகை வந்தால் கை வைக்கும் முன் யோசியுங்கள். பொருத்தும் நேரத்தில் ஃபிட்டர் போர்ட்டுக்கு (குழாய் இணையும் வாய்க்கு) எட்டவில்லை என்று நெம்பி வளைத்த இடமாக அது இருக்கலாம். அப்படியானால் அதைப் புதிய குழாயில் நகலெடுப்பது பழைய தவறை நகலெடுப்பதாகும். அதை நீக்கிவிட்டு, எட்டாமைக்கான காரணமான வேறொரு கோணத்தைத் திருத்த வேண்டும்.

அறிகுறி: ஸ்வீப் தோல்வியடைகிறது, அல்லது ஃபில்லெட் ஏற்க மறுக்கிறது

வெட்டுப்புள்ளிகள் இரண்டும் 150 மி.மீ. இடைவெளியில் இருந்து, இரண்டிலும் 84 மி.மீ. ஆரத்தில் 90 பாகை வளைவு இருந்தால், தொடுநீளங்கள் சேர்ந்து 168 மி.மீ. கேட்கின்றன, நேர்ப்பகுதி மைனஸ் 18 ஆகிறது. உண்மையான குழாய் உங்கள் கையில் இருக்கும்போது இப்படி ஒரு வடிவம் இருக்க வழியில்லை. ஆரம் தவறு, அல்லது இடையில் ஒரு வெட்டுப்புள்ளி விடுபட்டிருக்கிறது. அட்டவணையில் நேர்ப்பகுதிகள் அனைத்தும் நேர்மறையாக இருக்கின்றனவா என்று ஸ்கெட்ச் போடும் முன்பே பார்த்துவிட்டால் இந்தப் பிழை திரை வரை வராது.

அறிகுறி: வெட்டுப்புள்ளி ஒன்று பிரஸ்ஸுக்கு வெளியே பல மீட்டர் தள்ளிக் கிடக்கிறது

கொண்டை ஊசி வளைவுள்ள குழாயில் இது நேரும். 178 பாகை வளைவில், 84 மி.மீ. ஆரத்துக்குத் தொடுநீளம் 4,812 மி.மீ.; கோணம் 179 ஆனால் 9,625 மி.மீ.; 180 ஆனால் முடிவிலி. ஒரு பாகை அளவீட்டுப் பிழை வெட்டுப்புள்ளியை ஐந்து மீட்டர் தள்ளிவிடுகிறது என்றால் அந்தப் புள்ளியை வைத்து எதையும் செய்ய இயலாது. வளைவை நடுவில் பிரித்து, இடையே நேர்ப்பகுதியும் சுழற்சியும் இல்லாத இரண்டு 89 பாகை வளைவுகளாக ஸ்கெட்ச்சில் எழுதுங்கள், தொடுநீளம் 82.5 மி.மீ.-க்கு வந்துவிடும். மெஷினுக்கு அனுப்பும் அட்டவணையில் மட்டும் இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கி 178 என்று தர வேண்டும்.

அறிகுறி: குழாயின் ஒரு முனையை மேட் செய்ததும் மறு முனை மேட் ஆக மறுக்கிறது

அசெம்ப்ளியில், அதாவது பாகங்களைத் திரையில் ஒன்றுசேர்க்கும் கட்டத்தில், அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். ஒரு பாகத்தை இன்னொன்றோடு இணைத்து நிறுத்தும் கட்டளையே மேட். தனியாகக் கழற்றி மேசையில் வைத்து ஸ்கேன் செய்த குழாய்க்கு மேல், கீழ், இடம், வலம் என்று எதுவும் கிடையாது. அதன் ஒரு முனையை பம்ப்பின் போர்ட்டோடு அச்சொத்து வைத்தால், மறு முனை வால்வு பிளாக்கின் போர்ட்டிலிருந்து 1.6 மி.மீ. தள்ளியும் அரைப் பாகை சாய்ந்தும் நிற்கும். மென்பொருள் முரண்பாடு என்று சிவப்பில் காட்டும். 1,000 மி.மீ. நீளத்தில் 0.1 பாகை தவறு என்பது 1.75 மி.மீ. என்பதால், இந்த விலகல் வராமல் இருந்தால்தான் வியப்பு.

மேட்டைத் தளர்த்துவதோ, குழாயை மிதக்க விடுவதோ தீர்வாகாது. முதலில் பிரஸ்ஸில் உள்ள போர்ட்டுகளைத் தனியாக, ஒரே ஆயத்தொகுதியில் அளந்துகொள்ளுங்கள்: ஒவ்வொன்றுக்கும் முகத்தின் தளம், அச்சின் திசை, மையப்புள்ளி. பிறகு குழாயின் முதல் நேர்ப்பகுதியையும் கடைசி நேர்ப்பகுதியையும் ஸ்கேனிலிருந்து எடுக்காமல், அந்தந்த போர்ட்டின் அச்சின்மீதே துல்லியமாக அமையுங்கள். நடுவில் உள்ள வெட்டுப்புள்ளிகளை மட்டும் ஸ்கேனிலிருந்து கொண்டுவந்து, முதலும் கடைசியுமான வெட்டுப்புள்ளிகளை அச்சின் வழியே நகரவிட்டு நிறைவு செய்யுங்கள். கோணங்கள் 89.6, 90.3 என்று சிறிது மாறும், அதுவே சரி. முனைகளின் உண்மை போர்ட்டில் இருக்கிறது, நடுவின் உண்மைதான் குழாயில் இருக்கிறது.

பழைய குழாயை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. எண்ணெய் அழுத்தத்தை முழுவதும் இறக்கிய பின், ஒரு முனையின் நட்டைக் கழற்றிப் பாருங்கள். குழாய் இருந்த இடத்திலேயே நின்றால், பொருத்திய நிலையின் வடிவமும் தளர்ந்த நிலையின் வடிவமும் ஒன்றே. நட் விட்டதும் குழாய் நாலு மி.மீ. துள்ளி விலகினால், அது இவ்வளவு நாளும் நெருக்கத்தில் பிடித்துவைக்கப்பட்டிருந்திருக்கிறது. கழற்றி அளந்த வடிவத்தை அப்படியே வளைத்தால் புதிய குழாயும் அதே நெருக்கத்தோடுதான் அமரும்.

சூட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 12 மைக்ரான் விரியும். ஓடி நின்ற சூட்டோடு போர்ட்டுகளையும், மறுநாள் குளிர்ந்த குழாயையும் அளந்தால், 30 பாகை வேறுபாட்டில் இரண்டு மீட்டருக்கு 0.7 மி.மீ. காணாமல் போகும்.

அறிகுறி: பொருத்திப் பார்த்தால் குழாய் இரு முனையிலும் குட்டை

பொருத்திய நிலையில் ஸ்கேன் செய்திருப்பீர்கள். கம்ப்ரஷன் ஃபிட்டிங்கில் குழாய் நட்டுக்குள் மறைந்து, ஃபிட்டிங்கின் உள்விளிம்பில் முட்டும் வரை செல்கிறது. ஸ்கேனருக்குத் தெரிவது நட்டின் வெளியே உள்ளது மட்டுமே. உள்ளே செல்லும் ஆழத்தை ஆழமானியால் அளந்து, இரு முனைக்கும் கூட்டுங்கள். அதோடு, முனைக்கும் முதல் வளைவுக்கும் இடையே நட்டின் நீளத்தைப் போல இரு மடங்காவது நேர்ப்பகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள்; இல்லாவிட்டால் நட்டைப் பின்னுக்குத் தள்ள இடம் இருக்காது.

அறிகுறி: பிரஸ்ஸில் தொடாத இரண்டு குழாய்கள் அசெம்ப்ளியில் ஊடுருவுகின்றன

மாதிரியில் பூச்சுடன் கூடிய விட்டம் இடப்பட்டிருக்கலாம். அல்லது நீண்ட குழாயை இரு முனையில் மட்டும் தாங்கி வைத்து ஸ்கேன் செய்ததால் நடுவில் தொய்ந்திருக்கலாம். பிரஸ்ஸில் கிளாம்ப் இருந்த அதே இடங்களில் தாங்கி மீண்டும் அளந்தால் தெரிந்துவிடும். அசெம்ப்ளி முழுவதும் தீப்பெட்டி அளவில் வந்து நின்றால் காரணம் வேறு: மெஷ்ஷைச் சேமிக்கும் எஸ்.டி.எல். கோப்பில் அலகு எழுதப்படுவதில்லை, அங்குலம் மி.மீ. ஆகப் படிக்கப்பட்டிருக்கும், 25.4-ஆல் பெருக்குங்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் குழாயில் புள்ளித்திரள் ஓட்டை ஓட்டையாக வந்தால் வெள்ளைப் பொடி ஸ்பிரேயை மெல்லிதாக அடித்துவிட்டு அளக்க வேண்டும்.

அறிகுறி: எல்லா எண்ணும் சரி, வளைந்து வந்த குழாய் மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு உரியது

சுழற்சியின் கூட்டல் கழித்தல் குறி மாறிவிட்டது. கேட் மென்பொருளும் பெண்டிங் மெஷினும் சுழற்சியை எந்தத் திசையில் நேர்மறையாகக் கொள்கின்றன என்பது ஒத்துப்போகாவிட்டால் குழாய் கண்ணாடிப் பிம்பமாக வெளிவரும். ‘மறு முனையிலிருந்து வளைத்துவிட்டேன் போலிருக்கிறது’ என்று பலர் இதற்குக் காரணம் சொல்வார்கள், அது பொருந்தாது. எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் நீளங்கள், கோணங்கள், சுழற்சிகள் ஆகியவற்றின் வரிசைதான் திரும்பும். சுழற்சியின் குறி மாறாது. ஒரே தளத்தில் கிடக்கும் குழாயில் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது என்பதால், மெஷினின் குறியைச் சோதிக்க அத்தகைய குழாயைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு 90 பாகை வளைவுகளும் இடையே 90 பாகை சுழற்சியும் உள்ள, மேலே கணக்கிட்டதைப் போன்ற ஒரு துண்டைக் கழிவுக் குழாயில் வளைத்து, திரையில் உள்ள மாதிரியின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். குறி எதிர்மாறாக இருந்தால் அட்டவணையின் சுழற்சிப் பத்தி முழுவதையும் மைனஸ் ஒன்றால் பெருக்குங்கள். மாதிரியில் கை வைக்காதீர்கள்.